மாம்பழம் கார்த்திகையில பழுக்காது சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, கதை எழுதுறவங்களுக்கு கதைக்கான கரு எங்கேர்ந்து கெடைக்குதுன்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஒரு எடத்துல, சின்ன ஊர்ல இருந்துக்கிட்டு எழுதுறவங்களுக்கு அனுபவம் பத்தாது, வெளிய கெளம்பணும், நாலு ஊரு நாலு நாடு பாக்கணும், அப்பதான் எழுத்து விரியும்னு போட்டிருந்தது பாருங்க, அத படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும். வெட்டணும்னா வெட்டிக்குங்க, வாச்சாத்தி பத்தி எழுதியிருக்கறத மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

நான் எழுத்தாளர் எல்லாம் கெடையாதுங்க. காவேரிப்பட்டணத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். பட்டா மாறுதல் மனு, முதியோர் பென்ஷன் மனு, கல்யாண பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுங்களோட சேத்து கதை கவிதை நாவலும் டைப் அடிச்சு குடுக்குறேன். கிருஷ்ணகிரி தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் எழுதுறவங்க எத்தன பேருன்னு உங்களுக்கு தெரியாது, எனக்கு தெரியும், ஏன்னா வாத்தியாருங்க, காலேஜ் பசங்க, ரிட்டையர் ஆன கண்டக்டரு, நர்ஸ் அக்கா, எல்லாரும் நோட்டுல கையால எழுதி இங்கதான் கொண்டாந்து குடுக்குறாங்க. எந்த பத்திரிகைக்கு போகுதோ அந்த பத்திரிகைக்கு முன்னாடி படிக்கிறது நான்தான். பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு படிக்கிறதால கருத்து சொல்ல மாட்டேன், வாய் மூடிக்கிட்டு அடிச்சு குடுத்துடுவேன். இன்னைக்கு சொல்லிடறேன்.

வர்ற கதையில பாதிக்கு மேல ஹீரோ ஒகேனக்கல்ல போய் நிப்பான். அருவி சத்தம் கேக்கும், பழைய காதலி ஞாபகம் வரும், கண்ணு கலங்கும், முடிஞ்சிடும். நடுவுல பரிசல் ஓட்டுறவரு ஒருத்தரு வருவாரு, அவருக்கு பேரு கூட இருக்காது, 'பரிசல்காரர் புன்னகைத்தார்'னு ஒத்த வரி. அந்த மனுஷன் பொழப்பு பூரா, காவேரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுவுல தண்ணி அளக்குற கனஅடி கணக்குல தொங்கிக்கிட்டு இருக்குது சார். கர்நாடகா பக்கம் மழை புடிச்சு கபினி, கேஆர்எஸ் அணை நெறஞ்சு தெறந்து விட்டாங்கன்னா இங்க தண்ணி ஏறும், ஏறுனா பரிசலுக்கும் குளிக்கிறதுக்கும் தடைன்னு கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து அறிவிப்பு வந்துடும், 2018 ஆகஸ்ட்ல 2 லட்சம் கனஅடியையும் தாண்டி வந்துச்சே அப்ப எல்லாம் கரையில பரிசல கவுத்து வச்சிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். மேட்டூர் நெறையுதுன்னு தஞ்சாவூர்ல சந்தோஷப்படுவாங்க, இங்க எண்ணெ மசாஜ் பண்றவரு, மீன் வறுத்து விக்கிற அம்மா, பரிசல் ஓட்டுறவரு மூணு பேருக்கும் கையில காசு வராது. இதுல கதை இருக்குதா இல்லியா நீங்களே சொல்லுங்க. இதுக்கு எந்த நாட்டுக்கு போகணும்? நீர்வரத்து செய்தி உங்க பேப்பர்லயே அடிக்கடி வருது, அத ஒரு கண்ணால பாத்துட்டு ஒகேனக்கல்ல ஒரு டீக்கடையில ரெண்டு நாள் உக்காந்தா போதும்.

மாம்பழம் விஷயம் இதவிட மோசம். ஒரு தம்பி, ஊரு பர்கூர் பக்கம், எழுதுனான்: கார்த்திகை தீபத்தன்னைக்கு தோப்புல பழுத்த மாம்பழ வாசம், பொண்ணு தாவணியில ஏந்திக்கிறா. கார்த்திகையில நம்ம பக்கம் ஏதுங்க மாம்பழம்? பூ எடுக்குறதே மார்கழி தையில தான், சித்திரையில செந்தூரா ஆரம்பிச்சு ஆனி ஆடி வரைக்கும் போகும். தமிழ்நாட்டுல மாம்பழத்துக்கு பேர் போன மாவட்டத்துல பொறந்து வளந்த புள்ள எழுதுறது இது. தெனமும் தோப்ப தாண்டித்தான் காலேஜுக்கு பஸ்ல போறான். பாக்குறான், ஆனா யாரையும் ஒரு வார்த்த கேக்கல. பூ எடுக்கும்போதே வியாபாரி வந்து மரத்த பாத்து மொத்த தோப்பையும் குத்தகைக்கு பேசிடுவாரு, அதுக்கப்புறம் பனி அடிச்சாலும் காத்தடிச்சு பிஞ்சு கொட்டுனாலும் நஷ்டம் அவரோடது, காப்பு ஜாஸ்தியா போச்சுன்னா பெங்களூரா காய்க்கு கூழ் ஃபேக்டரியில வெல இருக்காது, வண்டி வரிசையில நிக்கும், உள்ள காய் கனிஞ்சிக்கிட்டே இருக்கும், அப்ப அந்த வியாபாரி, டிரைவரு, தோப்புக்காரரு மூணு பேரும் ஒரே டீக்கடையில நின்னு என்ன பேசிப்பாங்க? காய் பறிக்கிறவங்க கையில காம்புப்பால் பட்டு வெந்து போயிருக்கும், அந்த கையோட சோறு திங்கிறது எப்படி? அந்த தம்பிக்கு இதெல்லாம் கேக்க தோணல, அதுக்கு பேரு அனுபவம் பத்தலன்னு நீங்க சொல்றீங்க. அனுபவம் அவன் வீட்டு வாசல்ல கொட்டிக் கெடக்குது சார், கேள்வி தான் கெடையாது.

இதையே இன்னொரு விதமா சொல்றேன். கதை அடிக்கிற அதே கம்ப்யூட்டர்ல தான் மனுவும் அடிக்கிறேன். அஞ்செட்டி பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவரு, மக வீட்டுக்கு வந்தவரு, யானை ராகி தின்னதுக்கு நஷ்டஈடு கேட்டு மனு எழுத வந்தாரு. நான் பாட்டுக்கு தேதி, சர்வே நம்பர், எத்தன ஏக்கர்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், அவரு சொல்லிக்கிட்டே போறாரு: பன்னார்கட்டா பக்கம் இருந்து ஜவளகிரி வழியா ஐப்பசி கார்த்திகையில வரும்மா, கதிரு முத்துற வாசன அதுங்களுக்கு தெரிஞ்சிடும், பரண் மேல டார்ச்சும் பட்டாசும் வச்சிக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருப்போம், ஒண்ணு ஒத்த கொம்பன், அது வந்தா மட்டும் நாங்க பட்டாசு போட மாட்டோம், போட்டா திரும்பி வரும். சரி, ஏன் சாமி ராகிய உட்டுட்டு வேற ஏதாச்சும் போடக்கூடாதான்னேன். வேற போட்டா நான் என்னாத்த திங்கிறதுன்னாரு. களி இல்லாம அவருக்கு ஒரு வேளையும் ஓடாதாம். இது மொத்தமும் மனுவுல எப்படி போச்சுன்னா, 'மேற்படி பயிர் வனவிலங்குகளால் சேதமடைந்துள்ளது'. அவ்வளவுதான், மனுவுக்கு அது போதும். மிச்சத்த யாரு எழுதுறது? எழுதுறேன்னு நோட்ட தூக்கிட்டு வர்றவங்க ஒருத்தரும் அந்த பெஞ்சில அந்த பெரியவரு பக்கத்துல உக்காந்து காது குடுக்கல. அன்னைக்கு ஒரு கவிஞர் கூட இருந்தாரு கடையில, போன்ல ரீல்ஸ் பாத்துக்கிட்டு.

ஊர் சுத்த வேணாம்னு சொல்ல வரல. நாவல் எழுதுன ராஜம் கிருஷ்ணன் அம்மா சுத்தாத எடமா. அவங்க வீட்டுக்காரருக்கு மின்சார வேலை, அதுக்காக நீலகிரியில போய் குடியிருந்தாங்க, அங்க படுகர் ஜனங்களோட பழகுனதுல தான் குறிஞ்சித்தேன் வந்துச்சு. அது தானா அமைஞ்ச அனுபவம். அதோட நிக்கல, அப்புறம் தேடிக்கிட்டு போனாங்க, தூத்துக்குடி உப்பளத்துல வேல செய்யுற பொம்பளைங்கள நேர்ல போய் பாத்து பேசி பழகி கரிப்பு மணிகள் எழுதுனாங்க. அத படிச்சா உப்பு எப்படி கால அரிக்கும்னு தெரியும், எப்ப வேல, எப்ப கூலி, கணக்கப்புள்ள எங்க ஏய்ப்பான்னு தெரியும். கடலு அழகா இருந்துச்சுன்னு எழுதிட்டு வர்றதுக்காக போன பயணமா அது? அதே மாதிரி நாவலாசிரியர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரரு, சின்ன வயசுலயே பொழப்பு தேடி இந்தோனேசியா மேடானுக்கு போனவரு, ரெண்டாம் உலகப்போர அங்கயே இருந்து பாத்தவரு, 1946ல ஊரு திரும்பிட்டாரு. புயலிலே ஒரு தோணி புஸ்தகமா வந்தது 1972ல. நடுவுல இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல. இப்ப நம்ம பசங்க ஏற்காடு போய்ட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே கதை எழுதி காலையில டைப் அடிக்க கொண்டாறாங்க, அர்ஜென்ட் அக்கா ப்ளீஸ்னு.

போகாமலே எழுதுனவங்களும் இருக்காங்கன்னு எங்க கடைக்கு வர்ற இங்கிலீஷ் வாத்தியார் சொல்லுவாரு. டிராகுலா எழுதுன ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுல கால் வச்சதே கெடையாதாம், லைப்ரரியில உக்காந்து வருஷக்கணக்கா குறிப்பு எடுத்து 1897ல புஸ்தகத்த கொண்டாந்தாரு, இன்னைக்கு வரைக்கும் டூரிஸ்ட்டுங்க அந்த ஊருக்கு அந்த கதைய நம்பி போறாங்க. டால்ஸ்டாய் வேற மாதிரி, 1812ல சண்ட நடந்த போரோடினோ மைதானத்த 1867ல நேர்ல போய் பாத்து, சூரியன் எந்த பக்கம் யாரு கண்ணுல அடிச்சிருக்கும்னு வரைக்கும் யோசிச்சிருக்காரு. ஒருத்தர் போனாரு, ஒருத்தர் போகல, ரெண்டு பேருமே தேடுனாங்க. நம்ம ஆளுங்க போறதும் இல்ல, தேடறதும் இல்ல, அப்புறம் இன்ஸ்பிரேஷன் வரலன்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க.

கல்கிய எடுத்துக்குங்க. பொன்னியின் செல்வனுக்காக ஓவியர் மணியத்த கூட்டிக்கிட்டு இலங்கைக்கே போனாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நாவல்ல எல்லாரையும் தூங்க விடாம படிக்க வைக்கிற அந்த கொலை, ஆதித்த கரிகாலன் கொலை, அது காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கோயில் செவுத்துல இருக்குற கல்வெட்டுலேர்ந்து வந்தது. துரோகிங்க சொத்த பறிமுதல் பண்ணுனதா ராஜராஜன் காலத்து ஆர்டர் அது, இப்ப தாலுகா ஆபீஸ்ல வர்ற ஜப்தி நோட்டீஸ் மாதிரி தான், அதுல சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரு இருக்குது. யாரு கொன்னா சரி, ஏன் கொன்னான்னு கல்லு சொல்லல. அந்த சொல்லாம விட்ட எடத்துல பூந்து தான் அஞ்சு பாகம் எழுதிட்டாரு மனுஷன். நான் தெனம் ஜப்தி நோட்டீஸுக்கு ஜெராக்ஸ் போடுறவ, எனக்கு அத கேட்டப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு.

கல்லுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? தருமபுரி அகழ்வைப்பகத்துல, கிருஷ்ணகிரி மியூசியத்துல, ஏன் ஏரிக்கரையில, புளியமரத்தடியில எல்லாம் நடுகல் நின்னுக்கிட்டு இருக்குது. மாடு புடிக்க வந்தவன எதுத்து செத்தவன், புலி குத்தி செத்தவன்னு. பக்கத்து திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல்லுல நாயும் இருக்குது, கோவிவன்னு பேரு, எசமான் செத்தப்புறம் ரெண்டு கள்ளன கடிச்சிட்டு நின்னுச்சுன்னு பல்லவர் காலத்துலயே வெட்டி வச்சிருக்கான். ஒத்த வரி. நாய்க்கு பேரு போட்டு கல்லு வைக்க சொன்னது யாரு, பொண்டாட்டியா, ஊரா, அந்த கல்தச்சனுக்கு கூலி யாரு குடுத்தா, எதுவும் தெரியாது. நம்ம தகடூர் (அதான் இன்னைக்கு தருமபுரி) ராஜா அதியமான் கிட்ட ஔவையார் இருந்ததும், அவரோட பகையாளி தொண்டைமான் கிட்ட தூது போனதும், அங்க ஆயுதசாலையில வேலெல்லாம் நெய் பூசி மாலை போட்டு புதுசா இருக்கறத பாத்துட்டு எங்காளு வேலு நுனி ஒடைஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு பாடுனதும் புறநானூறுல இருக்குது. சும்மா போய்ட்டு வந்திருந்தா கோட்ட பெருசு, மாளிக பெருசுன்னு பாடியிருப்பாங்க. அந்தம்மா பாத்தது வேல் நுனிய. அந்த அதியமானே நடுகல்லா ஆனப்புறம், ஒரு நாடே குடுத்தாலும் வாங்காதவன் இப்ப சின்ன கலயத்துல ஊத்துற கள்ள வாங்கிக்குவானான்னு ஒரு பாட்டு இருக்குது பாருங்க, எனக்கு அதுக்கு மேல சொல்ல தெரியல. (எங்க மாவட்ட பெருமைய கொஞ்சம் பேசிட்டேன், மன்னிச்சிக்குங்க.)

கல்லு வேணாம்னா காகிதம் இருக்குது. 1792ல திப்பு கிட்டேர்ந்து பாராமகால், அதான் நம்ம கிருஷ்ணகிரி தருமபுரி பக்கத்து சீம, கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போனப்ப ரீடு, மன்றோன்னு ரெண்டு வெள்ளக்காரங்க ஊர் ஊரா போய் நிலத்த அளந்து வரி போட்டாங்க, அந்த பதிவுகள் பாராமகால் ரெக்கார்டுன்னு அச்சாவே ஆகியிருக்குது. 1883ல லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவல் இருக்குது, அப்ப நம்ம ரெண்டு மாவட்டமும் சேலத்துக்குள்ள தான், அதுக்கு கொஞ்சம் முன்னாடி 1876லேர்ந்து 78 வரைக்கும் அடிச்ச பஞ்சத்த நம்ம பாட்டிங்க தாது வருஷ பஞ்சம்னு சொல்லுவாங்க. மொரப்பூர்லேர்ந்து தருமபுரிக்கு 1906லயே சின்ன ரயிலு ஓடுச்சு, அப்புறம் ஓசூர் வரைக்கும் போச்சு, 1941ல நின்னு போச்சு, போருக்காக தண்டவாளத்தையும் பேத்துட்டாங்க. தண்டவாளம் போன அன்னைக்கு மொரப்பூர் ஸ்டேஷன்ல தருமபுரி வண்டிக்கு நின்ன ஆளு என்ன பண்ணியிருப்பான்? ரயில் வேணும்னு இன்னைக்கும் மனு அடிக்கிறோம் சார் நாங்க.

இப்ப வாச்சாத்தி. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். ஒரு காலேஜ் பையன் போன மாசம் நோட்டு கொண்டாந்தான், வாச்சாத்தி பத்தி நாவல். பைக்ல போனானாம், ரெண்டு அம்மாக்கள பாத்தானாம், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மான்னு போன்ல ரெக்கார்டு போட்டானாம், அவங்க சரியா பேசலன்னு வருத்தம் வேற. எனக்கு கோவம் வந்துடுச்சு. 1992 ஜூன் 20ல நடந்தது அது. சந்தனக்கட்டய தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள வந்து, 18 பொம்பளைங்களுக்கு பண்ணுன பாலியல் கொடுமைய அந்த பொம்பளைங்களே போலீஸ்ல சொல்லி, சிபிஐ கிட்ட சொல்லி, கோர்ட்டுல சொல்லி, 2011 செப்டம்பர் 29ல தருமபுரி கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லி, அப்பீலுக்கு போய், ஐகோர்ட் நீதிபதியே ஊருக்கு நேர்ல வந்து எடத்த பாத்துட்டு போய், 2023 செப்டம்பர் 29ல அந்த தீர்ப்பு நிக்கும்னு சொன்னாரு. முப்பது வருஷத்துக்கு மேல சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சவங்க வாயில மறுபடியும் அதையே சொல்ல வைக்கிறது தான் ரிசர்ச்சா? தீர்ப்பு இருக்குதுடா தம்பி, அதுல எல்லாம் இருக்குது, மொதல்ல அத படி, படிச்சிட்டு போ, போனா அன்னைக்கு நடந்தத கேக்காத, இப்ப என்ன வெள்ளாம, பேரப்புள்ளைங்க எங்க படிக்குது, கோர்ட்டுக்கு போற அன்னைக்கு எத்தன மணி பஸ்ஸு, மதியம் எங்க சாப்புட்டீங்க, அத கேளு, அவங்களா அந்த பேச்ச எடுத்தா மட்டும் காது குடுன்னேன். எழுதி முடிச்சா அவங்களுக்கு படிச்சு காட்டுவியான்னேன். யோசிக்கிறேன் அக்கான்னு நோட்ட வாங்கிட்டு போய்ட்டான். கஸ்டமர் ஒண்ணு போச்சு, அது பரவாயில்ல.

நான் பாத்த வரைக்கும் வீட்டுல உக்காந்து படிக்கிற ஆராய்ச்சி கதைக்கு எவ்வளவு ஒதவுதோ அவ்வளவு அந்த ஜனங்களுக்கும் ஒதவுது. தெரிஞ்சிக்கிட்டு போறவன் அவங்கள தொந்தரவு பண்ண மாட்டான், தேதியும் நம்பரும் கேட்டு உயிர வாங்க மாட்டான், நேரா அவங்க வேலைய பத்தி பேசுவான். வேலைய பத்தி கேட்டா யாரும் பேசுவாங்க. கூத்துக்காரங்கள கேட்டு பாருங்க, பாரதக் கூத்துல அர்ச்சுனன் தபசுக்கு அந்த ஒசந்த கம்பத்துல ஏறுறப்ப என்ன நெனப்பீங்கன்னு. எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தர் சொன்னாரு, சாமிய எல்லாம் நெனக்க மாட்டேன், மேலேர்ந்து பாத்தா என் வீட்டு கூரை தெரியும், எந்த ஓடு ஒடைஞ்சிருக்குதுன்னு பாத்து வச்சிக்குவேன்னு.

அதனால ஆசிரியர் ஐயா, மூணு விஷயம் கேக்கலாம்னு இருந்தேன், ரெண்டு போதும்னு விட்டுட்டேன். வருஷா வருஷம் சிறுகதை போட்டி அறிவிக்கிறீங்க, வார்த்தை இத்தனைக்குள்ள இருக்கணும், சொந்த கற்பனையா இருக்கணும்னு ரூல்ஸ் போடுறீங்க. கூடவே இன்னொரு ரூல் சேருங்க: கதையோட ஒரு பக்கம் தனியா, இந்த கதைக்காக யார்கிட்ட பேசுனேன், எத படிச்சேன், எங்க போய் பாத்தேன்னு எழுதி அனுப்பணும். பேரு போட வேணாம், 'தோப்புக் குத்தகை வியாபாரி ஒருத்தர்', 'பரிசல் ஓட்டுறவர் ஒருத்தர்'னு போட்டா போதும். யார்கிட்டயும் பேசல, எதையும் படிக்கல, என் மனசுல தோணுனதுன்னா அதையும் அப்படியே எழுதட்டும், அதுவும் தப்பில்ல, ஒரு சிலருக்கு உள்ளயே ஊத்து இருக்கும். ஆனா கார்த்திகையில மாம்பழம் வந்தா நடுவருக்கு காரணம் தெரிஞ்சிடும். உங்க ஆபீஸ்ல பைண்டிங் பண்ணி வச்சிருக்கிற பழைய பேப்பர போட்டியில கலந்துக்குறவங்க வந்து பாக்க வாரத்துல ஒரு நாள் விடுங்க, சனிக்கிழமைன்னா வேலைக்கு போறவங்களுக்கும் வசதி. பக்கம் பொரட்டி ஜெராக்ஸ் எடுக்க ஆளு வேணும்னா நான் வர்றேன், அதுக்கு காசு வேணாம்.

இப்படிக்கு,
டிடிபி கடை வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.